தெரிந்த பதில் வாய்க்கு வரவில்லை: பதற்றமும் ஞாபகமும், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரும்பலகை:

நர்சிங் மாணவிகளுக்கு உடலியல் எடுக்கிறேன். பிராக்டிகல் பரீட்சை வந்தால் வருஷம் தவறாமல் ஒரு காட்சி. வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல், "கார்டிசால் எங்கேம்மா சுரக்குது?" என்று கேட்பார். முந்தின ராத்திரி ஹாஸ்டலில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெளியே போய்ச் செருப்பை மாட்டும்போது, "அட்ரினல் கார்ட்டெக்ஸ், மேடம்!" என்று கத்துவாள். கார்டிசால் என்பது பதற்றத்தில் அட்ரினல் சுரப்பியின் இந்த வெளிப்பகுதியில் சுரக்கும் ஹார்மோன். கேட்ட ஹார்மோனே அவள் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது.

பதற்றம் தொற்றியதும் முதலில் ஏறுவது அட்ரினலினும் நார்அட்ரினலினும். நெஞ்சு படபடப்பதும் கை வியர்ப்பதும் அதனால்தான். கார்டிசால் நிதானமாக வரும், உச்சத்துக்குப் போக 20, 30 நிமிஷம் ஆகும். வராந்தாவில் பேர் கூப்பிடக் காத்திருக்கும் நேரம் அதற்குத் தாராளம்.

சுவிஸ் ஆய்வாளர் டொமினிக் டி குவெர்வைனும் கூட்டாளிகளும் 2000-ல் ஒரு சோதனை செய்தார்கள். சில வார்த்தைகளைப் படிக்கச் சொல்லி, மறுநாள் ஒப்பிக்கச் சொன்னார்கள். நடுவில் கார்ட்டிசோன் மாத்திரை. உடம்புக்குள் போனதும் அது கார்டிசாலாக மாறிவிடும். படிப்பதற்கு முன்னாலோ படித்த கையோடோ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒப்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட்டவர்கள்தான் தடுமாறினார்கள். ஆக, படித்தது உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே எடுக்கும் வழிதான் அடைபடுகிறது. "இவ படிக்கவே இல்ல" என்று மார்க்கைக் குறைக்கும் எக்ஸ்டர்னல்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். பரீட்சைதான் என்றில்லை, திருட்டு, விபத்து, ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி.

வைகைக்கரை:

எனக்கு நடந்தது செயின் பறிப்பு. மதுரையில், பூ வாங்கிக்கொண்டு திரும்பும்போது. பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி வந்து கத்தியைக் காட்டினான். கத்திப் பிடியில் பச்சை நிற இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது, அதன் நுனி பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் வரைந்து காட்டச் சொன்னால் வரைவேன்.

ஸ்டேஷனில் மீசை இருந்ததா என்று கேட்டார்கள். தெரியவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தானா? அதுவும் தெரியவில்லை. ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்காரரும், "அவ்வளவு பக்கத்துல நின்னவனப் பாக்கலையா?" என்கிறார். டேப் நிறம் தெரியும், முகம் தெரியாது என்றால் யார் நம்புவார்கள் மேடம்?

கரும்பலகை:

நான் நம்புவேன். பயத்தில் கவனம் குறுகி, உயிருக்கு ஆபத்து எதிலிருந்து வருகிறதோ அதிலேயே கண் நிலைத்துவிடும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் குழு 1987-ல் சிலருக்கு ஸ்லைடுகளைக் காட்டியது. உணவகத்தில் ஒருவன் கல்லாவுக்கு வருகிறான். ஒரு கதையில் காசோலையை நீட்டுகிறான், இன்னொன்றில் துப்பாக்கியை நீட்டுகிறான். பார்த்தவர்களின் கண் போன இடத்தைக் கருவி வைத்துக் கவனித்தால், துப்பாக்கிமேல்தான் அதிகம் போயிருந்தது. ஆளை அடையாளம் காட்டுவதிலும் அவர்கள் பின்தங்கினார்கள். அது வெறும் படம், உங்களுக்கு முன்னால் இருந்தது நிஜக் கத்தி.

இதைவிடக் கடுமையானதும் உண்டு. எதிரியிடம் பிடிபட்டால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று அமெரிக்க ராணுவத்தில் பயிற்சி கொடுப்பார்கள். அதில் கலந்துகொண்ட 500-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சார்ல்ஸ் மார்கன் என்ற மனநல மருத்துவர் 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நல்ல வெளிச்சத்தில், நேருக்கு நேர், அரை மணி நேரத்துக்கும் மேல் ஒருவர் விசாரிக்கிறார். ஒரு நாள் கழித்து அவரை அடையாளம் காட்ட வேண்டும். அடிதடியும் மிரட்டலுமாக நடந்த விசாரணையைவிட, சாதாரணமாக நடந்த விசாரணைக்குப் பிறகு கிட்டத்தட்ட இரு மடங்குப் பேர் சரியாகக் காட்டினார்கள். பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்கே இந்தக் கதி. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

டிக்காஷன்:

அப்பா பாத்ரூமில் விழுந்தபோது 108-க்கு அடிக்கணும். போனை எடுத்தால் கட்டைவிரல் தானாக வாட்ஸ்அப்பைத் திறக்கிறது. மூடுகிறேன், மறுபடி வாட்ஸ்அப். மூணே எண்தான்! ஒருவழியாக லைன் கிடைத்ததும் அந்தப் பெண் முகவரி கேட்டார், தெருப் பெயர் வரவே இல்லை. அதே வீட்டில்தான் பிறந்து வளர்ந்தேன். நல்லவேளை, அவர் சட்டென்று, "பக்கத்துல கோயில், பள்ளிக்கூடம் ஏதாச்சும் இருக்கா சார்?" என்று மாற்றிக் கேட்டார். மாரியம்மன் கோயில் என்று சொல்லிவிட்டேன். அப்பா இப்போது நலம்.

கரும்பலகை:

கட்டைவிரலைத் திட்டாதீர்கள். பதற்றத்தில் யோசித்து முடிவெடுக்கும் பகுதி பின்வாங்கி, பழக்கத்தை ஓட்டும் பகுதி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும். ஜெர்மனியில் லார்ஸ் ஷ்வாபேயும் ஒலிவர் வோல்ஃபும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஐஸ் தண்ணீரில் கையை முக்க வைத்துச் சிலருக்கு அழுத்தம் ஏற்றினார்கள். எதைத் தேர்ந்தெடுத்தால் சாக்லேட் பானம் வரும், எதற்கு ஆரஞ்சுச் சாறு வரும் என்று பழக்கினார்கள். பிறகு இரண்டில் ஒரு சுவையில் திகட்டத் திகட்டச் சாப்பிட வைத்தார்கள். மற்றவர்கள் திகட்டியதை விட்டுவிட்டார்கள். அழுத்தத்துக்கு ஆளானவர்கள் அதையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த 108 பெண்ணுக்கு ஒரு சல்யூட்.

கடலோரத்தான்:

எல்லாரும் மறந்ததைச் சொல்கிறீர்கள். நான் மறக்காததைச் சொல்கிறேன். ஊர் அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது சின்ன வயசு. தண்ணீர் கறுப்பாக வந்தது. அந்தச் சத்தத்தை எதோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், அவள் வளையல் உடைந்து என் மணிக்கட்டில் கீறியது. எல்லாம் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அக்கா இதை ஒத்துக்கொள்வதில்லை. "நீ என் கூட ஓடவே இல்லடா, சித்தப்பா சைக்கிள்ல ஏத்திட்டுப் போனார்" என்கிறாள். கறுப்புத் தண்ணீர், சத்தம், பள்ளிக்கூட மாடியில் கிடந்தது, இதிலெல்லாம் ரெண்டு பேரும் ஒன்றுதான். ஓடியதில் மட்டும் ஒவ்வொரு டிசம்பரும் சண்டை. சித்தப்பாவிடம் கேட்கவும் வழியில்லை, அவர் அன்றைக்கே போய்விட்டார்.

கரும்பலகை:

படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

அந்த மாதிரி நேரத்தில் நார்அட்ரினலின், மூளையில் பயத்தை உணரும் பகுதியான அமிக்டலாவை உசுப்ப, அது பக்கத்திலிருக்கும் ஞாபகப் பகுதியான ஹிப்போகேம்பஸை முடுக்கி, நடப்பதை ஆழமாகப் பதியவைக்கும். ஜேம்ஸ் மெக்காவ் என்பவர் வாழ்நாளெல்லாம் இதைத்தான் ஆராய்ந்தார். நீங்கள் இருவரும் ஒத்துப்போகிற தண்ணீரும் சத்தமும் அப்படிப் பதிந்தவை. சுற்றியிருந்த விவரங்களுக்கு அந்த உறுதி கிடையாது. பிறகு நாமும் பிறரும் சொல்லிச் சொல்லி அவை மாறும். ஆனால் "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்ற நிச்சயம் மட்டும் குறையாது.

1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலை உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார். சுமார் இரண்டரை வருஷம் கழித்து, அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டார். நாலில் ஒரு பங்குப் பேர் முக்கியமான எல்லாவற்றையுமே மாற்றிச் சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதிய தாளைக் காட்டினாலும் பழைய ஞாபகம் திரும்பவில்லை. அது டி.வி.யில் பார்த்த, காதில் கேட்ட செய்திதான், நீங்கள் நேரில் அனுபவித்ததற்கு ஈடாகாது. இருந்தாலும் உங்களில் யார் சொல்வது சரி என்று நிச்சயத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அக்காவும் உங்கள் அளவுக்கே நேர்மையாகத்தான் சொல்கிறார்.

மேகமலை:

கொண்டை ஊசி வளைவில் பைக் வழுக்கியபோது எனக்கு நேரமே மெதுவாக ஓடியது. கண்ணாடி உடைந்து சில் சில்லாகப் பறப்பதைப் பார்த்தேன். இது உண்மையா, பிரமையா?

கரும்பலகை:

மூளை ஆய்வாளர் டேவிட் ஈகிள்மேன் இதைச் சோதிக்க ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழவைத்தார், கயிறு எதுவும் கட்டாமல். மற்றவர் விழுந்ததைவிடத் தாங்கள் விழுந்தது 36 சதவீதம் அதிக நேரம் பிடித்ததாகச் சொன்னார்கள். கையில் கட்டிய சிறு திரையில் எண்கள் வேகமாக மாறி மாறி மின்னின. நேரம் நிஜமாகவே மெதுவானால் அதைப் படித்திருக்க வேண்டும், முடியவில்லை. பதிந்த விவரம் அதிகம் என்பதால், திரும்பிப் பார்க்கும்போது நீளமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஹெல்மெட் போட்டிருந்தீர்கள்தானே?

நைட் டூட்டி:

ஐ.சி.யூ.வில் இதையெல்லாம் பார்த்துப் பழகித்தான் எங்கள் முறையே அமைந்திருக்கிறது. பேஷன்டுக்கு இதயம் நின்றுவிட்டால் யாரும் ஞாபகத்தை நம்ப மாட்டோம். டிராலியில் அட்ரினலின் ஊசி மருந்து எப்போதும் மேல் டிராயரில், அதே மூலையில். புது சிஸ்டர் அழகாக அடுக்குகிறேன் என்று இடத்தை மாற்றினால் செம திட்டு விழும். நெஞ்சை அழுத்துபவர் சத்தமாக எண்ண வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120. டாக்டர் "ஒரு மில்லி அட்ரினலின்" என்றால், ஏற்றும் சிஸ்டர் அதைத் திருப்பிச் சொல்லி, ஏற்றிய பிறகு "போட்டாச்சு" என்று இன்னொரு தரம் சொல்லணும். ஒருத்தருக்குக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவது மட்டுமே வேலை. வேடிக்கை என்னவென்றால், எல்லாம் முடிந்து எழுதும்போது, "ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு" என்று நினைத்தது தாளில் பன்னிரண்டாக இருக்கும்.

கரும்பலகை:

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் வரிசை, கணக்கு, அடுத்த படி எல்லாவற்றையும் பிடித்துவைப்பது. நார்அட்ரினலினும் டோபமின் என்ற இன்னொரு மூளை ரசாயனமும் அளவு மீறினால் அதுதான் முதலில் தளரும் என்று யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் விரிவாகக் காட்டியிருக்கிறார். நீங்கள் அந்த வேலையைத் தாளுக்கும் டிராயருக்கும் பக்கத்து ஆளின் குரலுக்கும் மாற்றிவிட்டீர்கள். இதை என் மாணவிகளிடம் சொல்லப்போகிறேன்.

புதுவரவு:

அடுத்த வாரம் எனக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. படபடப்பு குறைய புரப்ரனலால் போடலாம் என்று நண்பன் சொல்கிறான். போடலாமா அக்கா?

கரும்பலகை:

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், தம்பி. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது மூச்சை அடைத்துவிடும். இதயத் துடிப்பு ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும் ஆபத்து. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அது வேறு. அட்ரினலினின் வேலையைத் தடுத்து நடுக்கத்தைக் குறைக்கும் என்பது சரிதான், படிக்காத பதிலைக் கொண்டுவராது. 1994-ல் லாரி கேஹிலும் மெக்காவும், ஒரு சிறுவன் விபத்தில் அடிபடும் கதையை ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். புரப்ரனலால் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பதைபதைப்பான பகுதி, மற்றவர்களுக்குப் போலத் தனியாக அழுத்தமாக நினைவில் நிற்கவில்லை.

அதைவிட இந்த வாரம் பதிலை மனசுக்குள் ஓட்டாமல், வீட்டிலோ பக்கத்திலோ கொஞ்சம் பயமான ஆள் ஒருவரை எதிரே உட்காரவைத்து, நின்றுகொண்டு சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பெரியப்பா யாராவது இருந்தால் நல்லது.

புதுவரவு:

மாமா இருக்கார், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். நாளைக்கே போறேன்.