தளம் மாத்தினதும் வருகை விழுந்துடுச்சு, காப்பகமும் குழப்பம் – உதவி தேவை

ஏட்டுச்சுவடி:
வணக்கம். என் தளத்தைப் புது இடத்துக்கு மாத்தினதிலிருந்து வருகை அடியோட விழுந்துடுச்சு. தினம் 400 போல வரும், இப்ப 40 தாண்டல. காப்பகமும் குழப்பம்: தொடர் கட்டுரையில 3-ஆம் பகுதியைத் திறந்தா முகவரில 9-னு இருக்கு. என்ன பண்ணணும்? அவசரம்.

தாமிரபரணி:
எதிலிருந்து எதுக்கு மாத்தினீங்க? டொமைன் (தளத்தோட பேரு) அதேதானா? எண்ணிக்கையை எதுல பாக்குறீங்க, முன்ன எதுல பாத்தீங்க?

வன்னிமரம்:
பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் (வருகையை எண்ணுற கருவி) கோடுதான் காரணம், நிச்சயம். ‘யூஏ’-ன்னு தொடங்குற எண்ணா இருந்தா அது 2023 ஜூலை 1-லயே எண்ணுறதை நிறுத்திடுச்சு. ‘ஜி’-ன்னு தொடங்குற புது எண்ணைப் போடுங்க.

தாமிரபரணி:
அப்படின்னா 40 கூட காட்டாதே வன்னி, பூஜ்யம்தான் காட்டும்.

மூத்தகணியன்:
இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. சர்வர் லாக் (எந்தப் பக்கத்தை யார் கேட்டார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் பதிவு) என்று ஒன்று உண்டு, அதைத் திறந்து பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். ‘வருகை’ வேறு, ‘பக்கப் பார்வை’ வேறு, ‘பயனர்’ வேறு. இந்த மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை.

ஏட்டுச்சுவடி:
பிளாகர்ல சொந்த டொமைன்ல இருந்துச்சு. இப்ப அதே டொமைன், வேர்ட்பிரஸ். முன்ன பிளாகரோட புள்ளிவிவரப் பக்கத்துல பாத்தேன், இப்ப அனலிட்டிக்ஸ் 4. கட்டுரை எல்லாம் வந்துடுச்சு, எதுவும் தொலையல. தொடர் பேரு ‘சங்க இலக்கியத்தில் பறவைகள் – 1, 2, 3…’

தாமிரபரணி:
இப்ப புரியுது. இதுல மூணு விஷயம் கலந்திருக்கு.

பிளாகர் கணக்குல தேடுபொறி எந்திரங்களும் சேர்ந்து வரும். அனலிட்டிக்ஸ் 4 தெரிஞ்ச எந்திரங்களைக் கழிச்சிடும், விளம்பரத் தடுப்பான் வெச்சிருக்கிற மனுசங்களையும் தவறவிடும். அதனால 400-ஐயும் 40-ஐயும் பக்கத்துல வெச்சு ஒப்பிட முடியாது.

ஆனா நிஜமாவே ஆள் குறைஞ்சிருக்கும். பழைய முகவரி எல்லாம் ‘/2012/05/பிளாக்-போஸ்ட்_14’ மாதிரி இருந்திருக்கும், ஏன்னா தலைப்பு தமிழ்ல மட்டும் இருந்தா பிளாகர் அப்படித்தான் பேர் வைக்கும். கூகுள்லயும் அடுத்தவங்க கட்டுரையிலயும் வாட்ஸப்லயும் இருக்கிறது அந்த முகவரிதான். இன்னைக்கு அதை அழுத்தினா 404, அதாவது ‘பக்கம் இல்ல’-ன்னு வரும். கூகுளோட சர்ச் கன்சோல்ல (தேடல்ல உங்க தளம் எப்படி இருக்குன்னு காட்டுற கருவி) ‘பக்கங்கள்’ அறிக்கையைப் பாருங்க, பட்டியல் கிடைக்கும். தலைப்புக்கும் முகவரிக்கும் தொடர்பே இல்லாததால ஒரே விதியில மாத்த முடியாது, ஒவ்வொண்ணுக்கும் 301 (பழைய முகவரிலேருந்து புதுசுக்கு நிரந்தரமாத் திருப்பி விடுறது) போடணும். பிளாகர் இம்போர்ட்டர் வழியா கொண்டுவந்திருந்தா பழைய முகவரி வேர்ட்பிரஸ் தரவுத்தளத்துல போஸ்ட்மெட்டா அட்டவணையில பத்திரமா இருக்கும். அதை எடுத்து சிஎஸ்வி (காற்புள்ளி போட்ட பட்டியல் கோப்பு) ஆக்கி ‘ரீடைரக்‌ஷன்’ பிளக்-இன்ல ஏத்திடலாம். லேபிள் பக்கங்களையும் (பொருள்வாரிப் பட்டியல்), பழைய ஃபீட் (புதுக் கட்டுரை தானா வாசகருக்குப் போற ஓடை) முகவரியையும் மறந்துடாதீங்க. ஃபீட்ல படிக்கிறவங்க சத்தமில்லாம போயிடுவாங்க.

மூணாவது தொடர் எண். வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு (தலைப்பிலிருந்து உருவாகுற முகவரியோட கடைசிப் பகுதி) 200 எழுத்துதான் இடம். தமிழ்ல ஒரு எழுத்துக்குறி குறியாக்கத்துல 9 இடம் பிடிக்கும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக்கணக்கு. உங்க தலைப்பு ‘சங்க-இலக்கியத்தில்-பறவைக’-ன்னு அறுந்துடும், பகுதி எண் உள்ளயே வராது. எல்லாப் பகுதிக்கும் ஒரே துண்டு வர்றதால -2, -3-ன்னு அதுவா ஒட்டிக்கும், எது முதல்ல ஏறிச்சோ அந்த வரிசையில. கையால ‘பறவைகள்-3’-ன்னு சின்னதா வெச்சுடுங்க. இதை முடிச்சுட்டு 301 போடுங்க, இல்லேன்னா ரெண்டு தடவை வேலை.

வன்னிமரம்:
முகவரியை இங்கிலீஷ்ல வெச்சா இந்தப் பிரச்சனையே இல்ல. அப்படியே மாதக் காப்பகத்தையும் தூக்கிடுங்க. கொக்கைப் பத்தித் தேடுறவர் 2012 மே-ன்னு தேடுவாரா? பொருள்வாரியாப் பிரிங்க.

நெய்தல்:
நான் ஒத்துக்க மாட்டேன். எப்ப எழுதினதுன்னு தெரியாத கட்டுரையை யாரும் மேற்கோள் காட்ட முடியாது. காலவரிசைதான் காப்பகம், பொருள்வரிசை அட்டவணை. ரெண்டும் வேணும்.

வன்னிமரம்:
நூலகத்துலயே பொருள்வாரியாத்தானே அடுக்குறாங்க?

நெய்தல்:
நாளிதழ் தொகுப்பைத் தேதிவாரியாத்தான் அடுக்குறாங்க.

மூத்தகணியன்:
இரண்டு பேரும் கேள்வியை விட்டு விலகிவிட்டீர்கள். ஏட்டுச்சுவடி, தாமிரபரணி சொன்னதோடு ஒன்று: லாக் கோப்பைத் தளத்துக்குச் சர்வர் இடம் தரும் பல நிறுவனங்கள் சில வாரங்களில் அழித்துவிடும். இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோஅக்சஸ் (லாக்கை அலசிக் காட்டும் மென்பொருள்) போட்டுப் பார்த்தால் எந்தப் பழைய முகவரிக்கு அதிகம் பேர் வந்து திரும்புகிறார்கள் என்று தெரியும். அதிலிருந்து தொடங்குங்கள்.

தாமிரபரணி:
நல்ல யோசனை. மொபைல்ல பகிர்ந்த சுட்டிகள்ல கடைசில ‘எம்=1’ ஒட்டியிருக்கும், அதையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி விதி வைங்க.

ஏட்டுச்சுவடி:
துண்டு மாத்தி 301 ஏத்திட்டேன், 404 நல்லா குறையுது. நன்றி தாமிரபரணி, நன்றி ஐயா. 7-ஆம் பகுதி மட்டும் முகப்புப் பக்கத்துக்கே போகுது.

தாமிரபரணி:
அதோட பழைய முகவரியை அப்படியே இங்க போடுங்க. பிளாகர்ல இருந்தப்ப தேதியை மாத்தி மறுபடி வெளியிட்டீங்களா?