போன வாரம் காணோமே?

கடைசிபெஞ்சு:

இங்கே சிங்கப்பூரில் தமிழ்ச் சபைகளுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். பிரசங்கம், உபதேசம் எல்லாம் வேண்டாம், அதற்கு வேறு இடம் இருக்கிறது. சபையில் உங்களிடம் முதலில் வந்து பேசியவர் யார், என்ன பேசினார்? அதை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2011இல் வேலைக்கு வந்தேன். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். எங்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்போம், போதகரை ஐயர் என்போம். முதல் ஞாயிறு எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஒருவரிடம் "தமிழ்க் கோயில் எங்கே? ஐயரைப் பார்க்கணும்" என்று கேட்டேன். மனிதர் அன்பாகச் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வழி சொன்னார். அவர் மேல் என்ன தப்பு?

ஒருவழியாகச் சேர்ந்தபோது ஆராதனை பாதி முடிந்துவிட்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கீர்த்தனை தெரிந்த கீர்த்தனைதான், அதனால் குரலை உயர்த்திப் பாடினேன். எங்கள் ஊரில் சரணத்தின் கடைசி வார்த்தையை நன்றாக இழுத்துத்தான் விடுவோம். இங்கே டக்கென்று நிறுத்திவிட்டார்கள். என் குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் இருந்த ஆன்ட்டி திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் வந்தார். "திருநெல்வேலியா?" என்றார். "எப்படித் தெரியும் ஆன்ட்டி?" "இழுக்கிறியே." அவ்வளவுதான். கீழே கூட்டிப்போய்க் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். பழுப்புத் தாளை முக்கோணமாக மடித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பிரித்தால் பீஹூன் (அரிசி சேமியா), பாதி முட்டை, ஓரத்தில் ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பல், சூட்டில் தாளெல்லாம் எண்ணெய். தேத்தண்ணீரில் சீனி கண்டபடி. ஹாஸ்டல் சாப்பாட்டில் வளர்ந்த எனக்கு அது போதாதா?

அடுத்த வாரம் ஓவர்டைம், போகவில்லை. அதற்கு அடுத்த வாரம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "போன வாரம் காணோமே? ஒனக்கு எடுத்து வச்ச பீஹூன வாட்ச்மேன் அங்கிளுக்குக் குடுத்தேன்." என் பெயரை அதுவரை அவர் கேட்கவே இல்லை. ஆனால் ஒரு பொட்டலம் மிஞ்சிய கணக்கு தெரிந்திருக்கிறது.

துவாஸ்லோரி:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் பீஹூன் வாசம் வந்துவிட்டது. நான் வொர்க் பெர்மிட்டில் இருக்கிறேன், கட்டுமான வேலை. ஞாயிறு வேலை இல்லை என்றால்தான் சபை. லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் இறங்கி, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு, அந்தப் பையோடேயே மாலை ஆராதனைக்குப் போய்விடுவேன். கால் பக்கத்தில் வெங்காயப் பையை வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணியவன் நான்.

எனக்கு மறக்க முடியாதது 2020. ஏப்ரல் 7இல் சர்க்கிட் பிரேக்கர், அதாவது இங்கத்திய கொரோனா ஊரடங்கு, தொடங்கியது. அதற்கு முன்பே சில தொழிலாளர் விடுதிகளை, உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாதபடி மூடிவிட்டார்கள். எங்கள் அறையில் 12 பேர். யாராவது இருமினால் மற்ற 11 பேரும் தூங்க மாட்டோம். சபையில் ஒரு அங்கிளிடம் எப்போதோ என் நம்பரைக் கொடுத்திருந்தேன். அவர் சனிக்கிழமைதோறும் இரவு 8 மணிக்குக் கூப்பிட ஆரம்பித்தார். முதலில் காய்ச்சல் இருக்கிறதா, அப்புறம் சாப்பாடு எப்படி, அப்புறம்தான் ஜெபம். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் நேரே ஜெபத்துக்குப் போயிருந்தால் நான் போனை வைத்திருப்பேன், உண்மையைச் சொல்கிறேன்.

கீழ் கட்டிலில் ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர், முருக பக்தர். ஸ்பீக்கரில் போடச் சொல்வார். நாலைந்து வாரம் ஆனதும் அங்கிள் "ஆமென்" சொல்வதற்கு முன்பே இவர் சொல்லிவிடுவார். ஒரு சனிக்கிழமை 8:10 ஆகியும் போன் வரவில்லை. என்னைவிட அவர்தான் தவித்தார். "ஒங்க ஆளு இன்னிக்கிக் கூப்பிடலையே, ஒடம்புக்கு முடியலையோ?"

ஜூன் கடைசியில் ஆராதனை திரும்பத் தொடங்கியது. ஒரு ஆராதனைக்கு 50 பேர்தான், முன்பதிவு வேண்டும், சேர்ந்து பாடக்கூடாது. இதெல்லாம் விடுதிக்கு வெளியில் இருப்பவர்களுக்கு. நாங்கள் சபை வாசலை மிதிக்க அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. போன முதல் நாள் அந்த அங்கிளைத் தேடினால் எல்லாரும் முகக்கவசத்தில். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

செம்பவாங்காரர்:

தம்பிகள் இரண்டு பேரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்தவன், வயது 68. அப்பா செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். 1971இல் வெள்ளைக்காரன் படையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது எங்கள் சபையில் பாதிக் குடும்பம் வேலை என்னாகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நீளம்.

எனக்கு ஒரு சின்ன மனக்குறை. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் "அங்கிள், எந்த ஊர்?" என்பார்கள். செம்பவாங் என்பேன். "இல்ல அங்கிள், சொந்த ஊர்?" அட, அதுதானப்பா! ஓஃபீர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று லூர்து மாதா ஆலயம் எழும்பியது 1888இல். மெதடிஸ்ட் ஊழியம் 1885இல் இங்கே வந்தது, சில ஆண்டுகளிலேயே தமிழ் ஆராதனையும் தொடங்கிவிட்டது. எங்களுக்கு இங்கே சொந்த ஊர் ஆக இன்னும் எத்தனை வருடம் வேண்டுமாம்?

சரி, கேட்டதற்கு வருகிறேன். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வருடம் அன்னாசிப் பழம் ஏலத்துக்கு வந்தது, கடையில் மூன்று நாலு வெள்ளி (டாலர்) பெறும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அங்கிள்கள், காரணம் பாடகர் குழுவில் யார் எங்கே நிற்பது என்பது. ஒருவர் 10 என்றார், மற்றவர் 20. இப்படியே போய் 80 வெள்ளியில் நின்றது. ஜெயித்தவர் பழத்தை வாங்கி, வெட்டச் சொல்லி, முதல் தட்டை யாரிடம் கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? அவரிடம் இல்லை. தன் மனைவியிடம். இரண்டு பேரும் அதற்குப் பிறகும் ஆறு மாதம் பேசவில்லை. ஆனால் சபைக்கு அன்று நல்ல வசூல்.

என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டைத் திரையில் ஆங்கில எழுத்தில் போட்டால்தான் பாட வருகிறது. ழகரத்தை அந்த எழுத்து படுத்தும் பாட்டை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இரவுஷிப்ட்:

எல்லாம் நன்றாக இருக்கிறது. எனக்கு நடந்ததையும் எழுதலாம் இல்லையா? குழந்தை பிறந்து நான்கு மாதம் நான் சபைக்குப் போகவில்லை. அதற்கு முன் மூன்று வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு போன் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தினமும் காலை 6 மணிக்கு வசனமும் பூப்படமும் வரும். நான்காவது மாதம் ஒருவர் கூப்பிட்டார். ஞாயிறு பள்ளி அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறதா என்று கேட்க. சாவியைக் கூரியரில் அனுப்பினேன். அப்புறம் போகவில்லை.

கடைசிபெஞ்சு:

இதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை அக்கா. அந்த 6 மணிப் பூப்படத்தை எங்கள் குழுவில் அனுப்புகிறவன் நான்தான். நீங்கள் எந்தப் பக்கம்? யீஷூன் என்றால் எங்கள் புளோக்கில் புதன்கிழமை இரவு வீட்டுக் கூட்டம் இருக்கிறது. ஏழெட்டுப் பேர்தான், குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

இரவுஷிப்ட்:

யீஷூன்தான். புதன் எனக்கு ஷிப்ட். வெள்ளிக்கிழமையில் எதுவும் இருக்கிறதா?