கோவிட் போன பின்னும் ஓயாத சோர்வு: அண்ணிக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி:
கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். அண்ணிக்கு 2022இல் கோவிட் வந்தது. இன்னும் துணி துவைத்தால் மறுநாள் எழ முடிவதில்லை, பால் கணக்குகூட மறந்துபோகிறது. பரிசோதனையில் எல்லாம் சரியாம். "சும்மா படுத்திருக்கா" என்று வீட்டிலேயே பேச்சு. இப்போது யாரிடமும் பேசுவதில்லை. எனக்குத் தாங்கவில்லை.

பதில் 1:
முதலில் அவரை நம்புங்கள். கோவிட் போன பின்னும் தொல்லைகள் நீடிப்பதை 'லாங் கோவிட்' என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இலேயே இந்த நோய்நிலையை வரையறுத்தது. சோர்வு, மறதி எல்லாம் அதில் உண்டு. "நடந்தால் சரியாகும்" என்று விரட்டாதீர்கள். சக்தியை மீறி உழைத்தால் அப்புறம் இன்னும் மோசமாகும். வேலையைப் பிரித்து, நடுவே ஓய்வு கொடுங்கள். வீட்டாரிடம் அவருக்காக நீங்கள் பேசுங்கள், அதுதான் பெரிய மருந்து.

பதில் 2:
அக்கா, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் தனியே விடாதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.

கேட்டவர்:
சரி. இன்று அண்ணனிடம் பேசுகிறேன்.