கொள்கலன், உறைபடி: இரண்டு சொற்களுக்கான முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு செயலியைக் கணினியின் ஏனைய செயல்களிலிருந்து பிரித்து ஓடவிடும் மென்பொருள் கொன்ரெயினருக்கு (container) தமிழ்ச்சொல்லாகப் பெட்டகம், பேழை, கொள்கலன் ஆகிய மூன்று சொற்கள் நமது கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. எனது தெரிவு கொள்கலன். ஆயினும், நாம் ஒரு சொல்லைத் தேடும் இடத்தில் கொன்ரெயினர், அது உருவாகும் மூலமாகிய இமேஜ் (image) என இரண்டு பொருள்கள் இருப்பதை இதுவரை எவரும் சுட்டவில்லை.

மாணவர் ஒருவர் தமது மடிக்கணினியில் பைத்தன் 3.12 கொண்டு எழுதிய செயலியை, பைத்தன் 3.8 மட்டுமே உள்ள சேவையகத்தில் ஏற்றினால், 3.10 இல்தான் அறிமுகமான 'மட்ச்' கூற்றைக் கண்ட இடத்திலேயே தொடரியல் வழு காட்டி அது நின்றுவிடும். யாழ்ப்பாணத்தில் நிரலாக்கம் கற்பிக்கும் எவருக்கும் இது பழகிய காட்சிதான். செயலியையும் அதற்கு வேண்டிய பைத்தன் பதிப்பையும் நிரல் நூலகங்களையும் ஒருசேரக் கட்டி, பின்னர் மாறாதபடி வைத்த கோப்புத் தொகுதியையே, கொன்ரெயினர்களை உருவாக்கி இயக்கும் மென்பொருளாகிய டொக்கரின் (Docker) பயனர்கள் இமேஜ் என்கின்றனர். அதை இயக்கும்போது, கணினியின் ஏனைய செயல்களிலிருந்து பிரிக்கப்பட்டு ஓடுவதே கொன்ரெயினர். ஓர் இமேஜிலிருந்து எத்தனை கொன்ரெயினர்களையும் தொடக்கலாம். அவற்றை அழித்தாலும் இமேஜ் அப்படியே இருக்கும். ஆனால் கொன்ரெயினருக்குள் எழுதிய தரவை வெளியே ஒரு சேமிப்பிடத்தில் வைக்காவிட்டால், அது கொன்ரெயினருடன் சேர்ந்தே அழியும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த இடத்திலேயே மாணவர் தடுமாறுவர்.

பெட்டகமும் பேழையும் தன்னளவில் முழுமையாக மூடப்பட்ட பொருளையே நினைவூட்டுகின்றன. ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைத்த இன்னொரு கணினியாகிய மெய்நிகர் இயந்திரத்துக்கு அது பொருந்தும். தனக்கென முழு இயங்குதளத்தையும் சுமப்பது அதுவே. கொன்ரெயினர்களோ ஒரே வளவில் பொதுக்கிணற்றைப் பகிரும் வீடுகளைப் போன்று, வழங்கும் கணினியின் ஒரே கேர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, பகிர்கின்றன. அவை சில நொடிகளில் எழுவதற்கும் குறைந்த நினைவகத்தில் அடங்குவதற்கும் காரணம் இதுவே; கேர்னலில் ஓட்டை விழுந்தால் அனைத்துக்கும் ஆபத்து என்பதற்கும் இதுவே காரணம்.

கொள்கலன் என்ற சொல்லை நம் வாசகர் கொழும்புத் துறைமுகச் செய்திகளில் நாளாந்தம் காண்கின்றனர். டொக்கரும் கப்பற்பெட்டியையே உவமையாகக் கொண்டது என்பதால், பெட்டிகளைச் சுமக்கும் அதன் திமிங்கிலச் சின்னத்தையும், பல கொன்ரெயினர்களை நிருவகிக்கும் மென்பொருளுக்கு இட்ட, மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய குபர்னெற்றிஸ் (Kubernetes) என்ற பெயரையும் அதே வரிசையில் விளக்கிவிடலாம். கொள்கலன் பல இடங்களில் வழங்கும் பொதுச்சொல் என்பதால் குழப்பும் என்று எவரேனும் ஆட்சேபித்தால், அது நியாயமானதே. கூகுள் பொறியாளர்கள் 2006 இல் 'புரொசெஸ் கொன்ரெயினர்' என்று தொடங்கிய லினக்ஸ் வசதி, கொன்ரெயினர் என்ற சொல் பலபொருள் தந்ததனாலேயே 'கொன்ரோல் குறூப்' என 2007 இல் பெயர் மாறியது. ஆயினும் 2013 இல் டொக்கர் வெளிவந்தபின் அச்சொல்லே நிலைத்துவிட்டது. நாமும் தேவைப்படும் இடத்தில் 'மென்பொருட் கொள்கலன்' என்று அடையிட்டால் போதும்.

இமேஜுக்குப் படிமம் என்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். ஒளிப்படத்துக்கும் கவிதைக்கும் அது ஏற்கனவே பணிபுரிகிறது. வார்ப்புரு என்பதை டெம்பிளேற்றுக்குக் கொடுத்துவிட்டோம். ஆகவே, உறைந்த நிலையில் வைத்த படி என்ற பொருளில் 'உறைபடி' என்பதை முன்மொழிகிறேன். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "உறைபடி பல அடுக்குகளால் ஆனது, செயலியில் ஒரு வரியை மாற்றினால், மாறிய அடுக்கும் அதன் மேலுள்ளவையும் மட்டுமே மீளக் கட்டப்படும், கீழுள்ள அடுக்குகளைச் சேவையகம் மறுபடி தரவிறக்க வேண்டியதில்லை." இணைய வேகம் குறைந்த பாடசாலைக் கணினிக்கூடங்களுக்கு இந்த நன்மை சிறிதன்று.

வினைச்சொல்லாகக் 'கொள்கலப்படுத்து' சற்று நீளமே. 'கலப்படுத்து' என்று சுருக்குவதை மட்டும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கலப்படம் என்று வாசிப்பவரே மிகுதியாக இருப்பர்.