இருபது பவுண்டு நோட்டு

குழு: வடக்குத் தெரு வீடு
(சண்முகம் திருநெல்வேலி, செல்வி கிளாஸ்கோ, முரளி அபர்டீன், பவித்ரா எடின்பரோ, கார்த்திக் லண்டன்)

சனிக்கிழமை

10:42 கார்த்திக்: அத்தை, போன வாரம் கிளம்பும்போது கையில் திணித்தீர்களே இருபது பவுண்டு, அதை இங்கே ஒரு கடையில் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், நகத்தால் சுரண்டுகிறார், "இது எந்த ஊர்ப் பணம்?" என்கிறார். பின்னால் பெரிய வரிசை வேறு.

10:44 செல்வி: கிளைட்ஸ்டேல் வங்கி நோட்டுதானே? நல்ல நோட்டுடா அது.

10:44 கார்த்திக்: நல்ல நோட்டுதான். பால் வாங்க முடியவில்லை.

10:47 சண்முகம்: ஸ்காட்லாந்துக்குத் தனி நோட்டா?

10:51 முரளி: மூன்று வங்கிகள் அடிக்கின்றன அண்ணே. மதிப்பு அதே பவுண்டுதான். ஆனால் அடிக்கிற நோட்டுக்கெல்லாம் ஈடாக இங்கிலாந்து வங்கிப் பணம் வைத்திருக்க வேண்டும். அதற்கென்றே பத்துக் கோடி பவுண்டுக்கு ஒரே நோட்டு உண்டு, பெயர் 'டைட்டன்'. வெளியே புழங்காது, பெட்டகத்திலேயே கிடக்கும்.

10:52 சண்முகம்: படத்தில் யார்?

10:52 கார்த்திக்: ராபர்ட் தி புரூஸ் அப்பா.

10:53 சண்முகம்: சிலந்தி ராஜா! விழுந்து விழுந்து வலை கட்டிய சிலந்தியைப் பார்த்து மறுபடி போருக்குப் போனவர். எத்தனை வருடம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். 1314, பானக்பர்ன்.

10:55 முரளி: நோட்டில் முகம் புரூஸ், முட்டுக் கொடுப்பது லண்டன். 2014-ல் ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று கேட்ட வாக்கெடுப்பில் நான் 'வேண்டாம்' என்று போட்டதற்கு இதுதான் காரணம்.

10:55 செல்வி: ஆரம்பித்துவிட்டான்.

10:56 பவித்ரா: அப்பா, காலையிலேயேவா?

10:58 சண்முகம்: இருங்கள், நீங்கள் ரெண்டு பேரும் அங்கே ஓட்டுப் போட்டீர்களா? அப்போது இந்தியப் பாஸ்போர்ட்தானே?

11:03 செல்வி: அதுதான் அண்ணே விஷயமே. காமன்வெல்த் நாட்டுக்காரர் அங்கே முறைப்படி குடியிருந்தால் ஓட்டு உண்டு. நான் வந்து எட்டே வருடம், போய்ப் போட்டேன். என் ஆஸ்பத்திரி வார்டில் கூட வேலை பார்த்தவளின் அண்ணன் கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்தவன், லண்டனில் வேலை. அவனுக்கு ஓட்டு இல்லை. பதினாறு வயதுப் பிள்ளைகள்கூடப் போட்டார்கள். எந்த ரத்தம் என்று கேட்கவில்லை, எங்கே குடியிருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். அதுவே எனக்குப் பாதி மனதை மாற்றிவிட்டது.

11:04 செல்வி: நான் 'ஆம்'. எங்கள் கிளாஸ்கோவும் ஆம்.

11:06 முரளி: 32 மாவட்டத்தில் ஆம் சொன்னது நான்கு. மொத்தத்தில் வேண்டாம் 55, ஆம் 45. வந்து போட்டவர்கள் 84.6 சதவீதம். இதற்கு மேல் தெளிவாக ஒரு ஊர் பதில் சொல்ல முடியாது அக்கா.

11:09 கார்த்திக்: சித்தப்பா, பணம் மட்டுமா காரணம்?

11:16 முரளி: மட்டும் இல்லை, முதலில் பணம். அப்போதுதான் வீடு வாங்கியிருந்தேன். கடன் பவுண்டில். அப்போது ஸ்காட்லாந்து அரசின் தலைவராக இருந்த அலெக்ஸ் சாமண்ட், பிரிந்தாலும் இதே பவுண்டைப் பங்குபோட்டுக்கொள்வோம் என்றார். லண்டனில் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன வழி என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. நாளைக்கு ஸ்காட்லாந்துக்கென்று புதுக் காசு வந்து அது இறங்கினால், சம்பளம் புதுக் காசில், கடன் பழைய பவுண்டில். யார் கட்டுவது?

அடுத்து வட கடல் எண்ணெய். தனிநாட்டுக் கணக்கை பீப்பாய் 110 டாலர் என்று வைத்துப் போட்டிருந்தார்கள். வாக்கெடுப்பு முடிந்து ஒன்றரை வருடத்துக்குள் 30 டாலருக்கும் கீழே போனது. எண்ணெயை நம்பியிருக்கும் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீடு விற்பனைக்கு. என்னோடு இருந்த ஆறு பேரில் மூன்று பேருக்கு வேலை போயிற்று. 'ஆம்' ஜெயித்திருந்தால் புதுநாடு பிறந்ததே அந்தப் பள்ளத்தில்தான்.

11:21 செல்வி: சரி, அதற்கு முன்னே நாற்பது வருடம் அந்த எண்ணெய் எங்கே போனது என்று சொல். நார்வேக்காரன் அதே கடலில் எடுத்தான், சேர்த்து வைத்தான், இன்றைக்கு உலகத்திலேயே பெரிய அரசுச் சேமிப்பு நிதி அவனுடையது. இங்கே வந்ததெல்லாம் அன்றன்றைய செலவுக்குப் போயிற்று. 1974-லேயே மெக்ரோன் என்ற பொருளாதார அதிகாரி, இந்த எண்ணெய் ஸ்காட்லாந்தின் நிலைமையையே மாற்றிவிடும் என்று எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கை வெளியே வந்தது 2005-ல். முப்பது வருடம் அலமாரியில்.

11:22 முரளி: போனது போயிற்று அக்கா. போன எண்ணெயை வைத்து யாரும் ஓய்வூதியம் கொடுக்க முடியாது.

11:22 செல்வி: அதையேதான் பூட்டி வைத்தவர்களும் நினைத்திருப்பார்கள்.

11:30 சண்முகம்: பணச் சண்டை அங்கே புதிதில்லை. 1690களின் கடைசியில் பனாமாவில் டேரியன் என்ற இடத்தில் குடியேற்றம் அமைக்கிறேன் என்று ஸ்காட்லாந்தே சேமிப்பைக் கொட்டி மொத்தமாக இழந்தது. 1707-ல் இரண்டு நாடாளுமன்றமும் ஒன்றானபோது, இங்கிலாந்து கொடுத்த நாலு லட்சம் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவான தொகையில் பெரும்பகுதி அந்த நஷ்டத்தை அடைக்கத்தான் போனது. ஆனாலும் சட்டம், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் தனித்தனியாகவே இருந்தன.

11:31 கார்த்திக்: அப்பா வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டார் 😀

11:33 சண்முகம்: பேசாமல் கேள். செல்வி, எண்ணெயை விடு. நீ ஏன் ஆம் என்று போட்டாய்?

11:41 செல்வி: வார்டில் வயதான ஆட்கள் சொல்வார்கள் அண்ணே. 1987 தேர்தலில் இங்கே 72 இடத்தில் தாட்சர் கட்சிக்குப் பத்து. ஆனாலும் ஆட்சி அவருடையது. ஏழை பணக்காரர் பாராமல் ஆளுக்கு இவ்வளவு என்ற தலைவரியை இங்கிலாந்துக்கு ஒரு வருடம் முன்னால், 1989-லேயே இங்கே கொண்டுவந்தார்கள். நாம் யாருக்குப் போட்டாலும் அங்கே இருப்பவர்கள் முடிவு செய்வதுதான் என்ற எரிச்சல் அது. அணுகுண்டு நீர்மூழ்கிகளை நிறுத்தும் ஃபாஸ்லேன் என் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். வேண்டாம் என்று இங்கே எத்தனை பேர் சொன்னாலும் முடிவு லண்டனில். நல்லதோ கெட்டதோ, தப்புச் செய்தாலும் நம் தப்பாக இருக்கட்டும் என்று போட்டேன்.

11:44 முரளி: இப்போதே பாதி கையில் இருக்கிறதே. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வருமான வரி எல்லாம் ஸ்காட்லாந்தின் ஹோலிரூட் பாராளுமன்றம்தான். மருந்துச் சீட்டுக்குக் காசில்லை. பவி கல்லூரிக் கட்டணம் கட்டுவதில்லை, இங்கிலாந்தில் குடியிருந்திருந்தால் வருடம் 9,000 பவுண்டுக்கு மேல். தலைக்கு ஆகும் அரசுச் செலவும் இங்கே கூடுதல். இதையெல்லாம் விட்டுவிட்டு எல்லையில் சுங்கச்சாவடி கட்டவா? இங்கிருந்து வெளியே விற்பதில் 60 சதவீதம் போவது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு.

11:46 பவித்ரா: அப்பா, நீங்கள் அன்றைக்குச் சொன்ன இன்னொரு காரணத்தை விட்டுவிட்டீர்கள்.

11:46 முரளி: என்ன?

11:48 பவித்ரா: "பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே தள்ளிவிடுவார்கள்." எனக்கு அப்போது எட்டு வயது, ஆனால் நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டு போலந்து மாமாவிடம் வேலிக்கு மேலே நின்று சொன்னீர்கள். அவரும் அதை நம்பித்தான் வேண்டாம் என்று போட்டார்.

11:49 செல்வி: 😶

11:52 பவித்ரா: இரண்டே வருடம். 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து 62 சதவீதம் ஒன்றியத்தில் இருப்போம் என்றது, ஆனாலும் எல்லோரோடும் சேர்த்து வெளியே. அந்த வாக்கெடுப்பில் போலந்து மாமாவுக்கு ஓட்டே இல்லை.

11:58 முரளி: அது எனக்கும் வலித்ததுதான். ஆனால் பிரெக்ஸிட்டைப் பார்த்தபின்னும் பிரிவது சுலபம் என்று யாராவது சொல்வார்களா? நாற்பத்தேழு வருட உறவைப் பிரிக்கவே அந்தப் பாடு. இது முந்நூறு வருட வீடு. ஸ்காட்லாந்து ஐரோப்பாவுக்குள் போனால் இங்கிலாந்து வெளியே, நடுவில் எல்லை. அக்கா, உங்கள் வாதத்தை பிரெக்ஸிட் பலமாக்கியது, வேலையைக் கஷ்டமாக்கியது. ரெண்டும் உண்மை.

12:01 செல்வி: இதை ஒத்துக்கொள்கிறேன். காசு விஷயத்திலும் நீ சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். இப்போது தனிநாடு கேட்பவர்களே கொஞ்சநாள் பவுண்டு, பிறகு சொந்தப் பணம் என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கொஞ்சநாள் எத்தனை நாள் என்று யாரும் தேதி சொல்வதில்லை.

12:04 சண்முகம்: அப்படியானால் மறுபடி ஒரு ஓட்டு நடத்திப் பார்த்துவிட வேண்டியதுதானே?

12:09 பவித்ரா: முடியாது பெரியப்பா. லண்டன் சம்மதம் இல்லாமல் ஹோலிரூட் நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. வட அயர்லாந்துக்குக்கூட, மக்கள் மனம் மாறினாற்போலத் தெரிந்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. எனக்கு ஆமா வேண்டாமா என்பதைவிட இதுதான் உறுத்துகிறது. சேர்ந்திருக்கச் சம்மதித்தவர்கள் என்றால், சம்மதம் மாறினால் எந்தக் கதவைத் தட்டுவது?

12:10 முரளி: 'தலைமுறைக்கு ஒரு முறை' என்று சொன்னது தனிநாடு கேட்டவர்கள்தான்.

12:10 பவித்ரா: அந்தத் தலைமுறையில் எனக்கு எட்டு வயது அப்பா.

12:12 கார்த்திக்: லண்டன் நாடாளுமன்றத் தேர்தலில், தனிநாடு கேட்கும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 2015-ல் 59-ல் 56 இடம், 2024-ல் 57-ல் ஒன்பது. மக்களே சலித்துவிட்டார்களோ?

12:14 செல்வி: கட்சி மேல் சலிப்பு வேறு, இது வேறு. என் வார்டில் ரெண்டையும் யாரும் ஒன்றாகப் பேசுவதில்லை.

12:20 சண்முகம்: கடைசியாக ஒன்று. நாளைக்கே ஓட்டு என்றால்? செல்வி?

12:21 செல்வி: ஆம். 2014 மாதிரி துள்ளிக்கொண்டு போக மாட்டேன். கணக்கைக் காட்டு என்று கேட்டுவிட்டுப் போவேன்.

12:21 சண்முகம்: முரளி?

12:26 சண்முகம்: முரளி?

12:27 பவித்ரா: ஐந்து நிமிடமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.

12:29 முரளி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

12:29 செல்வி: நான் படித்துவிட்டேன் தம்பி.

12:30 சண்முகம்: என்ன போட்டிருந்தான்?

12:31 செல்வி: ஓட்டு ரகசியம் அண்ணே. கார்த்தி, அந்த நோட்டை வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்.