கட்டி முடித்த பிறகு கூப்பிடும் குழு எதற்கு?

கோட்டுப்படம்:
கட்டட, சாலை வரைபடங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல, மாற்றுத்திறனாளிகள் கொண்ட ஆலோசனைக் குழு ஒவ்வொரு நகராட்சிக்கும் வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சாய்தளத்தின் சரிவு 1:12 (ஒரு அடி ஏற 12 அடி நீளம்), சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டம் என்று அளவுகள் விதிப்புத்தகங்களிலேயே இருக்கின்றன. மீறுபவருக்கு அபராதம் போடுங்கள், போதும். கையெழுத்துப் போட்டுக் கலைய ஒரு குழு எதற்கு?

நாலுசக்கரம்:
அளவு சரியாக இருந்தும் நுழைய முடியாத கட்டடத்தைப் பார்த்ததில்லையா? சாய்தளம் 1:12தான். ஆனால் உச்சியில் சமதளமே இல்லாமல், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. அதை இழுத்துத் திறக்க நான் பின்னால் நகர வேண்டும், பின்னால் இருப்பதோ சரிவு! ஒருமுறை உட்கார்ந்து உருட்டிப் பார்த்தவர் வரைபடத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

கோட்டுப்படம்:
சமதளமும் விதியில் இருக்கிறதே. கட்டியவர் ஏமாற்றியிருக்கிறார். கட்டடத்தின் அணுகல் வசதியைச் சோதிக்கத் தகுதிபெற்ற தணிக்கையாளர் ஒருவரைக் கூப்பிட்டால் ஒரே நாளில் அறிக்கை தருவார். குழு என்றால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

வெள்ளைக்கோல்:
இழுக்கட்டுமே, அதற்குத்தான் குழு. சாலையைக் கடக்கும் இடத்தில் நடைபாதை விளிம்பைத் தரைமட்டமாக்கினால் நாலுசக்கரத்துக்கு வசதி. எனக்கோ என் கோல் தட்டுப்பட விளிம்பே இல்லை, தெரியாமல் சாலையில் இறங்கிவிடுவேன். காலில் உணரக்கூடிய மேடுள்ள ஓடுகளைப் பதித்தால் இருவருக்கும் ஆகும். புள்ளி என்றால் நில், நீளக் கோடு என்றால் நட. இந்த ஓடுகளை 1965இல் ஜப்பானில் செய்ஈச்சி மியாகே உருவாக்கினார். 1967இல் ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதலில் பதித்தார்கள். ஓடு எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஆனால் அந்த ஓடுகளைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தின் அடியில் முடித்தால்? மேசையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தால்தான் அது கண்ணில் படும். (என் கண்ணில் அல்ல, சரி.)

முன்னாள் உறுப்பினர்:
கோட்டுப்படம் சொல்வதில் பாதி உண்மை. நானும் இப்படி ஒரு குழுவில் இரண்டு வருடம் இருந்தேன். வரைபடம் எங்களிடம் வரும்போது ஒப்பந்தமே கொடுத்து முடித்திருப்பார்கள். எது சொன்னாலும் 'குறித்துக்கொண்டோம்' என்பார்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லாததால் காதுகேளாத உறுப்பினர் மூன்றாவது கூட்டத்தோடு நின்றுவிட்டார். அப்புறம் அதே கட்டடத்துக்கு 'குழுவின் ஆலோசனையுடன் கட்டப்பட்டது' என்று பலகை. எனக்கு வந்த கோபம்!

நாலுசக்கரம்:
அது குழுவின் குற்றமா, அதைக் கையாண்டவர்களின் குற்றமா? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைப் பாருங்கள். 2005 சட்டப்படி 10,000 பேரும் அதற்கு மேலும் வாழும் நகராட்சிகளுக்குக் குழு கட்டாயம். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். நகராட்சி வாங்கும், கட்டும், பெரிதாகப் புதுப்பிக்கும் கட்டடங்களுக்குக் குழுவிடம் ஆலோசனை கேட்டே ஆக வேண்டும். குழு எந்த மனை வரைபடத்தைக் கேட்கிறதோ அதைக் காலத்தோடு கொடுக்க வேண்டும்.

கோட்டுப்படம்:
நல்ல உதாரணம் எடுத்தீர்கள். அதே சட்டம்தான் 2025 தொடக்கத்துக்குள் மாகாணம் முழுவதும் தடையற்றதாகிவிடும் என்றது. ஆனதா?

முன்னாள் உறுப்பினர்:
ஆகவில்லை. அங்கே குறை சொல்லப்பட்டது விதியை அமல்படுத்தாததைத்தான், ஆக அபராதம் வேண்டும் என்ற உங்கள் வாதம் நிற்கிறது. ஆனால் அபராதம் வருவது கட்டடம் எழும்பிய பிறகு. ஊற்றிய கான்கிரீட்டை உடைப்பதைவிடத் தாளில் கோட்டை அழிப்பது மலிவு, அது உங்களுக்கே தெரியும். எனக்கு வேண்டியது இரண்டுதான்: ஒப்பந்தத்துக்கு முன் வரைபடம், நிராகரித்தால் எழுத்தில் காரணம்.

கோட்டுப்படம்:
ஒப்பந்தத்துக்கு முன் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 15 நாளில் குழு பதில் தராவிட்டால் வேலை தொடரும் என்று எழுதுங்கள்.

வெள்ளைக்கோல்:
15 நாள் சரி. போன தடவை எனக்கு வந்தது ஸ்கேன் செய்த படம், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் என் திரைவாசிப்பான் ஒரு எழுத்துக்கூடப் படிக்கவில்லை. நான் படிக்கக்கூடிய விளக்கம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.