கழிவுநீர்த் தொட்டிப் பள்ளத்துக்கு முட்டுக் கொடுப்பது குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடி அருகே வாய்க்காலை ஒட்டிய மனையில் நடக்கும் வீட்டு வேலைக்கு நான் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததிலிருந்து, கழிவுநீர்த் தொட்டிக்காக ஏழடி ஆழம் வெட்டிய பள்ளத்தில் ஊற்று கசிந்து, களிமண்ணுக்குக் கீழுள்ள மணல் சரிவதால், மேல்விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கிறது. ஆட்கள் இறங்குவதை நிறுத்திவிட்டேன். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது, பள்ளம் தோண்டும் வேலைப் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3764; இரண்டு நாள் வேலைக்கு அது வீண் செலவு என்கிறார் மேஸ்திரி. மார்பளவு மண்ணில் புதைந்தாலே மூச்சடைத்து உயிர் போய்விடும் என்பதால், இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஊற்று மண்ணில் சவுக்குக் கம்பும் பலகையும் கொண்டு முட்டு அமைத்த அனுபவமுள்ளவர்கள், கம்புகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியையும், மோட்டாரில் தண்ணீர் இறைக்கும்போது மணலும் சேர்ந்து வராமல் தடுக்கும் வழியையும் தெரிவித்து உதவுங்கள்.